பழகிய பொடியின் குணம்

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துப் பகுதி பகுதியாகப் பிரிப்பதோடு சுத்திகரிப்பு ஆலையின் வேலை முடிந்துவிடுகிறது என்றே வெளியிலுள்ளவர்களில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில், பூமி நமக்கு அளிக்கும் எண்ணெயில், வாகனங்களுக்கு வேண்டிய பெட்ரோலும் சமையலுக்கு வேண்டிய வாயுவும் நம் தேவைக்குப் போதுமான அளவில் அமைந்திருப்பதில்லை. வடித்தெடுத்த பின் அடியில் தங்கும் கனத்த எண்ணெயோ, இருபதும் முப்பதும் நாற்பதுமாகக் கார்பன் அணுக்கள் சங்கிலியாகவும் வளையங்களாகவும் கோத்துக் கிடக்கும் மூலக்கூறுகளால் ஆனது. அவற்றை உடைத்தாலன்றி அதன் பெரும்பகுதி கொதிகலன்களில் எரிப்பதற்கே உதவும். அவ்வாறு உடைக்கும் காரியத்தைத் திட வடிவமான ஓர் அமிலத்தைக் கொண்டு நடத்துகிற யூனிட்டை ஆலைகளில் கேட் கிராக்கர் என்பார்கள். மேற்குக் கரையில் ஓர் ஆலையில், முதலில் பரிசோதனைச் சாலையிலும் பின்பு யூனிட்டிலுமாக, என் உத்தியோக காலம் முழுவதும் அந்தக் கேட் கிராக்கரோடேயே கழிந்தது. அதனுள்ளே நடப்பது என்ன என்பதை, ரசாயனம் படிக்காதவர்களும் தொடர்ந்து வரக்கூடிய விதத்தில், என் அனுபவத்தோடு சேர்த்து எழுதவேண்டுமென்பது எனக்கு நெடுநாளைய ஆசை.

எண்ணெயை உடைப்பதற்கு அமிலந்தான் வேண்டுமென்பதில்லை. உஷ்ணம் ஒன்றே போதும். அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்து வைட்டிங் என்னும் ஊரில் வில்லியம் பர்ட்டன் 1913இல் வியாபார ரீதியாக நடத்திக் காட்டியது அந்த முறையே. ஆனால் உஷ்ணத்தினால் ஒரு பிணைப்பு அறும்போது, அதிலிருந்த இரண்டு எலெக்ட்ரான்களும் துண்டுக்கு ஒன்றாகப் பிரிந்துபோக, ஒற்றை எலெக்ட்ரானோடு நிற்கும் அத்துண்டுகள் மேலும் மேலும் தாமே அறுந்துகொண்டுபோய், மீதேன், ஈதேன், எத்திலீன் என்னும் மிகச் சிறு வாயுக்களாக ஒழிகின்றன. கிடைக்கும் பெட்ரோலும் எஞ்சினுக்கு உகந்த கிளைத்த மூலக்கூறுகள் குறைந்ததாய், வைத்திருக்க வைத்திருக்கப் பிசின் கட்டும் சுபாவமுடையதாய் இருக்கிறது. இந்தக் குறைகளை நீக்க வந்த வழியே அமிலத்தின் வழி.

அவ்வழியைத் திறந்தவர் யூஜீன் ஹூட்ரி என்னும் பிரெஞ்சுக்காரர். 1892இல் பாரிஸுக்கு அருகே பிறந்த அவர், எந்திரப் பொறியியல் கற்றவர். முதல் உலக யுத்தத்தில் டாங்கிப் படையில் சேவை செய்தவர். பந்தய மோட்டார்களில் அளவிறந்த பிரியம் கொண்டவர். எண்ணெய் வளமற்ற தம் தேசத்துக்குப் பழுப்பு நிலக்கரியிலிருந்தாவது பெட்ரோல் தயாரித்துத் தரவேண்டுமென்று தொடங்கிய அவருடைய முயற்சி, பல பதார்த்தங்களைச் சோதித்த பிறகு, அமிலத்தால் பதப்படுத்திய களிமண்ணில் வந்து நின்றது. அக்களிமண் எண்ணெய் ஆவியை மிக நன்றாக உடைத்தது. ஆனால் சில நிமிஷங்களுக்குள் அதன்மேல் கரி படிந்து, கிரியை ஓய்ந்துவிட்டது. கிரியையைத் தூண்டும் பதார்த்தமாகிய ஊக்கியை, கரி படிந்ததும் எறிந்துவிடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், அது இருந்த இடத்திலேயே காற்றைச் செலுத்திக் கரியை எரித்து, ஊக்கிக்கு மீண்டும் உயிர் கொடுக்கலாமென்று துணிந்ததுதான் ஹூட்ரியின் பெருஞ்சாதனை என்பது என் கருத்து. 1930ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கா சென்ற அவர், அங்கே இரண்டு எண்ணெய்க் கம்பெனிகளின் ஆதரவைப் பெற்றார். 1937இல் பென்ஸில்வேனியாவின் மார்க்கஸ் ஹுக்கில் சன் ஆயில் கம்பெனியின் பெரிய யூனிட் ஓடத் தொடங்கியது. ஒரு கலத்தில் எண்ணெய் உடைந்துகொண்டிருக்கும்போதே மற்றொன்றில் கரி எரிந்துகொண்டிருக்க, வால்வுகள் நிமிஷக் கணக்கில் முறை மாறிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு அது.

களிமண்ணில் அமிலம் எங்கே இருக்கிறது என்று வேலைக்கு வரும் இளைஞர்கள் முதல் வாரத்திலேயே கேட்பார்கள், கேட்கவேண்டிய கேள்விதான். கையில் எடுத்தால் ஈரமில்லை, புளிப்பு நெடியில்லை, தோலை அரிப்பதுமில்லை. வெண்ணிறமான வெறும் பொடி. அதன் உட்கட்டுமானத்தைப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். சிலிக்கன் அணு ஒவ்வொன்றும் நான்கு ஆக்ஸிஜன் அணுக்களோடு பிணைந்து, அந்த ஆக்ஸிஜன்கள் வழியாக அடுத்த சிலிக்கன்களோடு தொடர்ந்து, ஒரு பெரும் பின்னலாக நிற்கிறது. இதில் ஒரு சிலிக்கனின் ஸ்தானத்தில் அலுமினியம் வந்து அமர்ந்தால், சிலிக்கனுக்கு நான்கு வலு இருந்த இடத்தில் இதற்கு மூன்றே இருப்பதால், பின்னலில் ஓர் எதிர்மின் ஏற்றம் மிகுந்துவிடுகிறது. அதைச் சரிக்கட்ட, சிலிக்கனுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பாலமாக நிற்கும் ஆக்ஸிஜனின்மேல் ஒரு புரோட்டான் வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் புரோட்டான்தான் அமிலம். கந்தக அமிலத்தில் திரவமெங்கும் கரைந்து நிற்கும் அதே புரோட்டான், இங்கே திடப்பொருளின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நிலைகொண்டிருக்கிறது. ஆகவே குழாய்களையும் கலங்களையும் அரிக்காமல், ஐந்நூறு டிகிரி உஷ்ணத்திலும் தன் காரியத்தைச் செய்யக்கூடியதாக இருக்கிறது.

இனி அது செய்யும் காரியத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். இரட்டைப் பிணைப்புடைய ஒலிஃபின் மூலக்கூறு ஒன்று அந்த இடத்தை அணுகினால், புரோட்டானை எளிதில் ஏற்றுக்கொண்டு நேர்மின் ஏற்றமுள்ள ஓர் அயனியாகிவிடுகிறது. இரட்டைப் பிணைப்பு இல்லாத பாரஃபினோ அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை. முன்பே உண்டான அயனி ஒன்று அதனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனை அதன் இரண்டு எலெக்ட்ரான்களோடு பறித்துக்கொள்ளவேண்டும், அல்லது புரோட்டானே வலிந்து அதன் பிணைப்பில் ஏறி, ஐந்து பிணைப்புகள் கொண்ட ஒரு கார்பனைக் கணநேரத்துக்கு உண்டாக்கவேண்டும். இந்த இரண்டாவது மார்க்கம் உண்டென்பதை ஹாக், டெஸ்ஸாவ் என்னும் இரு விஞ்ஞானிகள் 1984இல் எடுத்துக் காட்டினார்கள்; இத்தகைய கார்பன் அயனிகளின் இயல்பை ஆராய்ந்த ஜார்ஜ் ஓலாவுக்கு 1994இல் நோபல் பரிசு கிடைத்தது. எவ்வழியாக வந்தாலும், நேர்மின் ஏற்றம் ஒரு கார்பனில் வந்து அமர்ந்துவிட்டால், சங்கிலி அறுபடும் இடமும் நிச்சயமாகிவிடுகிறது: அதற்கு அடுத்த கார்பனுக்கும் அதற்கும் அப்பாலுள்ள கார்பனுக்கும் இடையேயுள்ள பிணைப்பே அறுகிறது. அறுந்ததில் ஒரு துண்டு ஒலிஃபினாக வெளியேறுகிறது. மற்றத் துண்டு நேர்மின் ஏற்றத்தைத் தாங்கி நிற்கிறது. சங்கிலியின் முனையில் ஏற்றத்தைத் தாங்குவது மிகக் கடினமாகையால், அத்துண்டு தன் அணுக்களை மாற்றி அடுக்கிக்கொண்டு, ஏற்றத்தை நடுவிலுள்ள கார்பனுக்குத் தள்ளி, கிளைத்த உருவத்தை அடைகிறது. பின்பு வேறொரு மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்துத் தான் சாந்தி பெற்று, அதைப் புதிய அயனியாக்கிவிட்டுப் போகிறது. இவ்வாறு ஒரு கிரியை அடுத்ததைத் தூண்டத் தொடர் நீள்கிறது.

முனையிலிருந்து ஒன்றிரண்டு கார்பன்களாக அறுந்து விழுவது இவ்வழியில் அரிது. ஆகவே அமிலத்தால் உடைந்த எண்ணெயில் மூன்று, நான்கு கார்பன்கள் கொண்ட வாயுக்களே மிகுந்திருக்கும். பெட்ரோலில் கிளைத்த மூலக்கூறுகள் நிறைந்து, ஆக்டேன் எண் உயர்ந்திருக்கும். ஷெல் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் கிரீன்ஸ்ஃபெல்டரும் அவருடைய சகாக்களும், செட்டேன் முதலிய சுத்தமான ஹைட்ரோகார்பன்களை உஷ்ணத்தாலும் அமிலத்தாலும் தனித்தனியே உடைத்து, கிடைத்த துண்டுகளை ஒப்பிட்டு, இந்தச் சித்தாந்தத்தை 1949இல் நிலைநாட்டினார்கள். அந்த ஆராய்ச்சி எனக்கு வெறும் படிப்பாக நிற்கவில்லை. யூனிட்டிலிருந்து வரும் வாயுவைப் பகுத்துப் பார்க்கும் வேலை என்னிடம் இருந்தபோது, அதுதான் எனக்கு அன்றாட வழிகாட்டி. மீதேனும் ஈதேனும் எத்திலீனும் வழக்கத்தைவிட ஏறினால், எங்கோ உஷ்ணம் மிகுந்து அமிலத்தின் வேலையைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். ஹைட்ரஜன் மட்டும் தனியே ஏறினால், எண்ணெயோடு வந்த நிக்கல் பொடியில் படிந்து, மூலக்கூறுகளை உடைப்பதற்குப் பதில் அவற்றின் ஹைட்ரஜனை உரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே எட்டிப்பார்க்க இடமில்லாத ஒரு கலத்தின் அந்தரங்கத்தை ஒரு குப்பி வாயு இவ்வளவு தெளிவாகச் சொல்வதைக் கண்டு எனக்கு உண்டான மகிழ்ச்சி, வேலையை விட்டு வந்த பின்னும் குறையவில்லை.

ஹூட்ரியின் கலங்களுக்குப் பிறகு வந்த மாறுதல், ஊக்கியை நிற்க வைப்பதற்குப் பதிலாக ஓடவிட்டது. மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லூயிஸும் கில்லிலண்டும், நுண்ணிய பொடியின் ஊடே வாயுவைத் தக்க வேகத்தில் செலுத்தினால் அப்பொடி திரவத்தின் இயல்பைப் பெற்றுக் குழாய்களில் ஓடும் என்பதைக் காட்ட, அந்த அடிப்படையில் அமைந்த முதல் பெரிய யூனிட் லூயிஸியானாவின் பேட்டன் ரூஜில் 1942 மே மாதம் 25ஆம் தேதி ஓடத் தொடங்கியது. காற்றால் தூக்கிவிடப்பட்ட பொடி, கொதிவந்த கஞ்சியைப் போலக் குமிழியிட்டுப் பொங்கிக்கொண்டிருக்கும். ஒரு கலத்தில் எண்ணெயைச் சந்தித்துக் கரி பூசிக்கொண்ட பொடி, நீராவியால் கழுவப்பட்டு, ரீஜெனரேட்டர் என்னும் மற்றொரு கலத்துக்கு இறங்கி, அங்கே காற்றில் கரியை எரித்து, 700 டிகிரியை ஒட்டிய உஷ்ணத்தோடு மீண்டும் எண்ணெயிடம் திரும்பும். ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் எண்ணெயை உடைக்கும் ஒரு யூனிட்டில், நிமிஷத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் பொடி இவ்வாறு சுற்றி வருகிறது.

கரியைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் கேட் கிராக்கரின் ஜீவன் அதில்தான் இருக்கிறது. அயனிகள் ஒன்றிடமிருந்து ஒன்று ஹைட்ரஜனைப் பறித்துக்கொள்கின்றன என்றேன். பறிகொடுத்தவை என்ன ஆகின்றன? ஹைட்ரஜனை இழக்க இழக்க அவை வளையங்களாக மூடிக்கொண்டு, வளையத்தோடு வளையம் சேர்ந்து பெருத்து, ஆவியாகிப் போக மாட்டாமல் அமிலம் இருக்கும் இடத்தின்மேலேயே படிந்துவிடுகின்றன. பெட்ரோல் செழிப்பதற்கு வேண்டிய ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு மிஞ்சியதே கரி. எண்ணெயின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்களவுக்கு அது இவ்வாறு போய்விடுகிறது. இதை நஷ்டமென்று கருதிக் கரியே உண்டாகாதபடி செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. செய்தால் யூனிட் நின்றுவிடும். எண்ணெயை ஆவியாக்கவும், உஷ்ணத்தை விழுங்கும் கிரியையாகிய உடைத்தலை நடத்தவும் வேண்டிய உஷ்ணத்தில் மிகப்பெரும் பகுதி, ரீஜெனரேட்டரில் கரி எரிந்து பொடியின் மூலமாகவே வருகிறது. கரி மிகுந்தாலும் கேடு: ரீஜெனரேட்டர் சூடேறும், சூடேறிய பொடி கொஞ்சமாக வந்தாலே எண்ணெய் வேண்டிய உஷ்ணத்தை அடைந்துவிடுமாதலால், வால்வு தானே மூடிக்கொண்டு பொடியின் வரத்து குறையும், வரத்து குறைந்தால் எண்ணெய் சந்திக்கும் அமிலம் குறைந்து, உடைவதும் குறையும். ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாம் அசையும் இந்தச் சமநிலையைப் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் பலர். பானலின் முன் ஒரு ஷிஃப்ட் உட்கார்ந்து அறிந்தவர்களுக்கே அது கைவசமாகிறது.

அப்படிக் கைவசமாகியிருந்தவர் எங்கள் ஃபோர்மன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளம் வயதிலேயே வந்து சேர்ந்தவர். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்போம். நான் பரிசோதனைச் சாலையிலிருந்து யூனிட்டுக்கு மாற்றலான புதிதில், பொடி சாம்பிள் எடுக்க என்னையும் உடன் அழைத்துப் போனார். ரீஜெனரேட்டரின் பக்கவாட்டிலுள்ள சிறு குழாயை, முகமூடியும் தடித்த கையுறையும் அணிந்து, காற்றடிக்கும் திசைக்கு விலகி நின்று, மிக மெல்லத் திறந்தார். அடைப்பு ஏதுமில்லை என்று நிச்சயமாகும்வரை முதலில் வந்ததைத் தனியே ஊதவிட்டு, பின்பு எஃகுக் குவளையில் பிடித்து, அது ஆறும்வரை காத்திருந்து, ஒரு கண்ணாடிச் சீசாவில் மாற்றிக் கொடுத்தார். கரி படிந்த பொடியை மற்றொரு குழாயிலிருந்து எடுத்து இன்னொரு சீசாவில் நிரப்பினார். இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று வெளிறிய சாம்பல் நிறம்; மற்றது நல்ல கறுப்பு.

“அண்ணாச்சி, கார்பன் எவ்வளவென்று நான் மேலே போய் எரித்துப் பார்த்துச் சொல்கிறேனே” என்றேன்.

“பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க. ஆனா நீங்க சொல்லுத நம்பர் சாயங்காலந்தான் வரும்; கலர் இப்பவே வந்துட்டுல்லா. வெளுத்தது கொஞ்சம் கறுக்க ஆரம்பிச்சாலே காத்து பத்தலைன்னு அர்த்தம். நம்பர் வாரதுக்குள்ள நான் காத்தைக் கூட்டியிருப்பேன்” என்றார்.

சீசாவைச் சாய்த்தால் பொடி சாய்ந்த பக்கமெல்லாம் மடங்கி மடங்கி ஓடிற்று. விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தால் நெருநெருப்பே தெரியவில்லை. ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் பதினான்கில் ஒரு பங்கு அளவே இருக்கும் உருண்டை. அந்தச் சிறு உருண்டைக்குள் ஒரு கிராமுக்கு நூற்றுக்கு மேற்பட்ட சதுர மீட்டர் பரப்பு மடிந்து கிடக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடும். அண்ணாச்சி சொன்ன நிறத்தையும் நான் கண்ட எண்ணையும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் எதிரெதிரே எழுதிவரும் வழக்கம் அன்றிலிருந்து ஏற்பட்டது. அவை முரண்பட்டது மிக அபூர்வம்.

என் காலத்திலேயே வந்த பெரிய மாறுதல் ஸியோலைட். அதற்கு முன்பு இருந்த சிலிக்கா அலுமினாப் பொடியில் அணுக்களின் அடுக்கு ஒழுங்கற்றது; அமிலம் இருக்கும் இடங்களின் வலிமை பலதரப்பட்டது. மோபில் கம்பெனியின் சார்ல்ஸ் பிளாங்க், எட்வர்ட் ரோஸின்ஸ்கி என்னும் இருவர், படிக உருவமுள்ள ஸியோலைட்டை, அருமண் உலோகங்களை ஏற்றி, கேட் கிராக்கருக்கு உகந்ததாகச் செய்து, 1960களின் தொடக்கத்தில் வெளியிட்டார்கள். இதில் ஒவ்வொரு குகையும் ஒரே அளவு, ஒவ்வொரு வாயிலும் ஒரே அளவு. இப்போது பயன்படும் ஒய் வகையில் வாயிலின் குறுக்களவு 7.4 ஆங்ஸ்ட்ரம், உள்ளேயுள்ள பெருங்குகை சுமார் 13 ஆங்ஸ்ட்ரம். அதன் வேகமோ பழைய பொடியைவிடப் பன்மடங்கு. பெரிய கலத்தில் பொங்கும் பொடியினூடே எண்ணெயைச் சாவகாசமாக விட்டுவைத்த பழைய ஏற்பாடு இதற்கு ஒவ்வவில்லை; உண்டான பெட்ரோலே மறுபடி உடைந்து வாயுவாகவும் கரியாகவும் போயிற்று. ஆகவே செங்குத்தான ரைஸர் குழாயில் பொடியும் ஆவியும் ஒன்றாக மேலெழும்பி, இரண்டு மூன்று வினாடிகளுக்குள் உடைதல் முடிந்து, உடனே பிரியும்படி யூனிட்டுகள் மாற்றி அமைக்கப்பட்டன. ஒய் ஸியோலைட்டின் வாயிலில் நுழைய மாட்டாத பெரும் மூலக்கூறுகளும் எண்ணெயில் உண்டு. அவற்றை முதலில் வெளியே உடைத்து உள்ளே அனுப்புவதற்காக, களிமண்ணும் அலுமினாவும் கலந்த வேறொரு பகுதியும் அதே உருண்டையில் சேர்க்கப்படுகிறது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்லக் கருதிய இடத்துக்கு வருகிறேன். புதிய பொடி மூட்டையில் வந்து இறங்கும்போது, அதனோடு வரும் தாளில் பரப்பும் வேகமும் பெரும் எண்களாக அச்சிட்டிருக்கும். கொள்முதல் செய்பவர்கள் அந்த எண்களைப் பார்த்து மயங்குவது இயல்பு. ஆனால் யூனிட்டுக்குள்ளே எண்ணெயை உடைப்பது அந்தப் புதிய பொடியன்று. தினந்தோறும் சிறிது புதிய பொடி சேர்க்கப்படுகிறது; அதற்கு ஈடாகச் சிறிது பழைய பொடி எடுக்கப்படுகிறது; ஆகவே உள்ளே எக்காலத்திலும் நேற்று வந்ததும் மாதக்கணக்காக உழைத்ததும் கலந்த ஒரு கூட்டமே இருக்கிறது. ஆலையில் ஈ-கேட் என்று வழங்கும் இதைத்தான் நான் பழகிய பொடி என்கிறேன். ரீஜெனரேட்டரின் கடும் உஷ்ணத்தில், கரியிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து உண்டாகும் நீராவி, பொடியின் பின்னலிலிருந்து அலுமினியத்தை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளியே தள்ளுகிறது. ஒய் ஸியோலைட்டின் படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டமாகிய ஓர் அலகு அறையில் சிலிக்கனும் அலுமினியமும் அமரக்கூடிய ஸ்தானங்கள் 192. தயாரித்தவுடன் அவற்றில் ஏறத்தாழ 55இல் அலுமினியம் இருக்கும். யூனிட்டில் நன்றாகப் பழகிய பின் ஏழெட்டுக்கும் குறையலாம். அலுமினியம் குறையக் குறைய அலகு அறையே சுருங்குகிறது. எக்ஸ் கதிரால் அளந்தால் 24.67 ஆங்ஸ்ட்ரமாக இருந்தது 24.25க்கு இறங்கியிருக்கும். அலுமினியத்தின் ஸ்தானந்தான் அமிலத்தின் ஸ்தானமாகையால், அமிலத்தில் பெரும்பகுதி போய்விட்டது என்றே அர்த்தம்.

போனதெல்லாம் நஷ்டமா? இல்லை என்பதே இத்தொழிலில் நான் கண்ட பெரிய உண்மை. அமில ஸ்தானங்கள் நெருக்கமாக இருந்தால், பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றிடமிருந்து ஒன்று ஹைட்ரஜனைப் பறிப்பது மிகுந்து, கரியும் மிகுகிறது. அவை விலகி விலகி நின்றால், எஞ்சிய ஒவ்வொரு ஸ்தானமும் முன்னைவிட வலிமையுள்ளதாகிறது. பறிப்பு குறைந்து, உடைதல் தூய்மையாக நடக்கிறது. ஒலிஃபின்கள் அழியாமல் தப்பி, பெட்ரோலின் ஆக்டேன் எண் ஏறுகிறது. சமையல் வாயுவும் கூடுகிறது. அருமண் உலோகங்களை அதிகம் ஏற்றினால் அலுமினியம் நிலைத்து நின்று பெட்ரோலின் அளவு மிகும், ஆனால் ஆக்டேன் சற்றுத் தாழும். ஈயம் கலந்து ஆக்டேனைச் சரிக்கட்டிய காலத்தில் இந்தத் தாழ்வு யாரையும் உறுத்தவில்லை. 2000 பிப்ரவரி முதல் நம் தேசமெங்கும் ஈயமற்ற பெட்ரோலே விற்கவேண்டுமென்று ஆனபோதோ, அமிலத்தின் அடர்த்தியைக் குறைப்பதே ஒரு கலையாக மதிக்கப்பட்டது. எவ்வளவு அமிலம் வேண்டும் என்பதைவிட, எவ்வளவு அமிலம் உழைப்புக்குப் பின் மிஞ்சவேண்டும் என்பதே கேள்வி.

இதை எங்கள் ஆலையிலேயே வலியுறுத்திச் சொல்லவேண்டிய சந்தர்ப்பம் ஒன்று வந்தது. ரீஜெனரேட்டரின் உஷ்ணம் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போயிற்று, பொடியின் சுழற்சி குறைந்தது, பெட்ரோல் குறைந்தது. பொடி செத்துவிட்டது, புதிய பொடியை இரட்டிப்பாகச் சேர்க்கவேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிக்கொண்டிருந்தது. நாங்களோ பழகிய பொடியை எடுத்துப் பார்த்தோம்: வேகம் குறையவில்லை, பரப்பு குறையவில்லை, நிக்கலும் வனேடியமும் ஏறவில்லை, வெளியேறும் வாயுவில் ஹைட்ரஜனும் வழக்கம்போலவே இருந்தது. பிறகு ரீஜெனரேட்டரின் புகையை ஆர்ஸாட் கருவியில் பகுத்து, கரியின் சேர்மானத்தைக் கணக்கிட்டோம். கரியில் ஹைட்ரஜன் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கு இருப்பது சாதாரணம். எங்கள் கணக்கிலோ அது பத்தை நெருங்கியது. கரியில் அவ்வளவு ஹைட்ரஜன் இருக்க நியாயமில்லை. ஆகவே எரிவது கரி மட்டுமன்று, பொடியின் இடுக்குகளில் தங்கிய நல்ல எண்ணெய் ஆவியும் கழுவப்படாமல் ரீஜெனரேட்டருக்குள் போய் எரிகிறது என்பது தெளிவாயிற்று. அண்ணாச்சி அதற்கு முன்பே, பொடியை நீராவியால் கழுவும் பகுதியாகிய ஸ்ட்ரிப்பரில் நீராவி போகும் குழாயின் அழுத்தம் மாறியிருப்பதைக் கவனித்துவைத்திருந்தார். அடுத்த ஷட்டவுனில் திறந்து பார்த்தபோது, நீராவியைப் பரப்பும் வளையத்தில் ஒரு பக்கத்துத் துவாரங்கள் அனைத்தும் பொடியும் கரியும் இறுகி அடைபட்டுக் கிடந்தன. அவற்றைச் சுத்தம் செய்ததும் உஷ்ணம் இறங்கிற்று. அதே பழகிய பொடி பழையபடி வேலை செய்தது.

பொடிக்கு உண்மையாகவே வரும் கேடுகளும் உண்டு. அவற்றுள் வேற்றுமை அறிவது அவசியம். எண்ணெயிலுள்ள காரத்தன்மை வாய்ந்த நைட்ரஜன் சேர்மங்கள் அமில ஸ்தானங்களைச் சமனாக்கி முடக்கிவிடும். ஆனால் ரீஜெனரேட்டரில் எரிந்ததும் அந்த முடக்கம் நீங்கிவிடும். உலோகங்களின் கேடு அப்படி நீங்குவதில்லை. நிக்கலின் குணத்தை முன்பே சொன்னேன். அதை அடக்க ஆண்டிமனியைச் சேர்க்கும் உபாயத்தை 1970களில் பிலிப்ஸ் கம்பெனியார் கண்டார்கள். வனேடியம் அதனினும் கொடியது. நீராவியோடு சேர்ந்து ஒரு மணியிலிருந்து மற்றொன்றுக்குப் பரவி, ஸியோலைட்டின் பின்னலையே குலைத்துவிடும். சோடியத்தின் துணை கிடைத்தால் அழிவு இன்னும் விரைவு. இந்த மூன்றையும் கச்சா எண்ணெயின் வரத்திலேயே கண்காணிக்காத ஆலை எவ்வளவு உயர்ந்த பொடியை வாங்கினாலும் பயனில்லை.

ரசாயனப் பொறியியல் கற்பிக்கும் கல்லூரிகளில், திட அமிலங்களைப் பற்றிய பாடம் புதிய ஸியோலைட்டின் அழகிய படத்தோடு நின்றுவிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அப்படம் வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சுத்திகரிப்பு ஆலைகளை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கல்லூரிகள் கேட்டால், தூசி பறக்காதபடி நன்றாக மூடி முத்திரையிட்ட ஒரு சீசா பழகிய பொடியையும், அதன் பரப்பு, வேகம், அலகு அறையின் அளவு, உலோகங்களின் அளவு ஆகிய எண்களையும், புதிய பொடியின் எண்களோடு சேர்த்து அவர்களுக்குக் கொடுத்துதவுங்கள். ஆசிரியர்கள் அவ்விரண்டையும் மாணவர்களின்முன் அடுத்தடுத்து வைத்து, இது எவ்வாறு அதுவாயிற்று என்று கேட்கட்டும்.